மண்ணுக்கு அட்டை உண்டு, உழுபவருக்கு ஆவணம் இல்லை

மண்வளம் குன்றுவதற்கு உழவரின் அறியாமையே காரணம் என்று கருத்தரங்குதோறும் ஓதப்படுகிறது. இந்த நோயறிதலே பிழையானது.

நெய்யாறு கடலில் கலக்கும் பூவாரிலிருந்து கிழக்கே பாறசாலை வரையுள்ள எல்லையோர ஊர்களைப் பார்க்கலாம். கடற்கரை மணலைக் கடந்தால் சரளை மண். பெருமழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துச் சென்றுவிட, எஞ்சுவது அமிலம். இடும் மணிச்சத்தையோ இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. இதற்கான மருந்து எவருக்கும் தெரியாததன்று: சுண்ணாம்பு, தழையுரம், மூடாக்கு, பயறு வகைச் சுழற்சி. ஆனால் சுண்ணாம்பின் பயன் ஒரு பருவத்தோடு முடிவதில்லை. கரிமப் பொருள் கூடுவதற்கோ ஆண்டுகள் பல வேண்டும்.

இங்கு ஏத்தன் வாழையும் மரச்சீனியும் பயிரிடுவோரில் பலர் பாட்டத்துக்கு நிலம் எடுத்தவர்கள். வாழை வெட்டுக்கு வரச் சுமார் 10 மாதம். வாய்மொழிப் பாட்டத்தின் ஆயுளும் ஏறத்தாழ அவ்வளவே. அடுத்த ஆண்டு பிறர் கைக்குப் போகும் மண்ணில் தம் காசைப் புதைக்க யார் முன்வருவார்? யூரியா மூட்டையை அவர் நாடுவது அறியாமையன்று, கணக்கு.

அந்தக் கணக்கை எழுதியது சட்டம். 1963ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், 74ஆம் பிரிவின்வழி, புதிய குத்தகைகளைத் தடைசெய்தது. உழுதவருக்கு நிலம் தந்த அச்சட்டத்தின் பெருமை மறுக்கவியலாதது. எனினும் குத்தகை ஒழியவில்லை; ஏட்டிலிருந்து மட்டுமே மறைந்தது. உரிமை கோரிவிடுவாரோ என்ற அச்சத்தில் உரிமையாளர் ஆளை மாற்றுகிறார். ஆவணமற்ற உழவர் மண்ணைச் சுரண்டுகிறார்.

2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 கூறுகளை அளந்து சொல்கிறது. அதே நிலத்தில் அந்த உழவர் அடுத்த ஆண்டும் இருப்பாரா என்ற 13ஆவது கேள்வி அதில் இல்லை.

குத்தகையை ஏற்பது ஜன்மித்துவத்தை மீட்பதாகும் என்போர் உண்டு. அந்த அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால் உடைமையையும் சாகுபடி உரிமையையும் பிரித்துக் காக்க வழியுண்டு. நிதி ஆயோக் 2016இல் முன்வைத்த மாதிரிக் குத்தகைச் சட்டம் அதற்கொரு வரைவு. அதன் குறைகளைத் திருத்தி, குறைந்தது 5 ஆண்டுக்கான எழுத்துப் பாட்டமும் உழுபவர் பெயரிலேயே மண்வள அட்டையும் வழங்கப்பட வேண்டும்.

அதுவரை மண்வளப் பிரசங்கம் தவறான ஆளிடமே நிகழ்த்தப்படுகிறது.