பழைய ரவுட்டரைத் தூக்கிப் போடாதீங்க

மக்களே, இது தொழில்நுட்பப் பதிவு மாதிரி ஆரம்பிச்சு குடும்பப் பதிவா முடியும். பொறுத்துக்கோங்க :)

வேப்பந்தட்டையில எங்களுது தாத்தா காலத்து வீடு. முன்கட்டு, நடுக்கட்டு, பின்கட்டுன்னு நீளமாப் போகும். எல்லாம் ஒண்ணரை அடி மண்சுவர். ஃபைபர் தெருப்பக்கமா வர்றதால ரவுட்டர் முன்கட்டுல. முட்டிவலிக்காரி அம்மா படுக்கறது பின்கட்டுல. அண்ணன் குவைத்துல இருக்காரு. வேலை முடிஞ்சு அவரு கூப்பிடும்போது நமக்கு ராத்திரி ஒன்பதரை. அம்மா சுவரைப் பிடிச்சுக்கிட்டே முன்கட்டுக்கு நடந்து வருவாங்க. படுக்கையிலயே பேசினா, "பெரியவன் மூஞ்சி கட்டங்கட்டமா தெரியுது சாமி" அப்படின்னு புலம்பல்.

மாசியில மக்காச்சோள மூட்டையை நடுக்கட்டுல அடுக்கினதும் அந்தக் கட்டமும் போச்சு. இது மூடநம்பிக்கை இல்லீங்க. ஈரம் வைஃபை அலையை உறிஞ்சும். மண்சுவர், மூட்டை, இரும்பு பீரோன்னு வரிசையா நின்னா பின்கட்டுக்கு என்ன மிஞ்சும்?

பெரம்பலூர்ல ஒரு கடையில கேட்டேன். மூணு பெட்டி கொண்ட மெஷ் செட்டை எடுத்து வச்சு ஏழாயிரம்னாங்க. இல்லைன்னா ஒரு ரிப்பீட்டர் வாங்கி நடுக்கட்டு பிளக்குல சொருகுங்கன்னாங்க. எனக்கு ரெண்டுலயும் உடன்பாடு இல்லை. ஒரே அலைவரிசையில வேலை செய்யற ரிப்பீட்டர், கேட்கறதையும் திருப்பிச் சொல்றதையும் ஒரே வாயால செய்யணும். அதனால வேகம் ஏறக்குறைய பாதியாகும். மெஷ்ஷும் கம்பியில்லாம இணைச்சா அதே சுவரைத்தான் தாண்டணும்.

பரண்ல 2010-ல் வாங்கின பழைய ஏடிஎஸ்எல் மோடம் கிடந்தது. டெலிபோன் ஒயரைச் சொருகுவோமே, அதே பெட்டிதான். ஃபைபர் வந்த அன்னைக்கே அது குப்பைன்னு முடிவு பண்ணியிருந்தோம். ஆனா அதுக்குள்ள 802.11என் வைஃபை இருக்கு. பின்னாடி நாலு லேன் ஓட்டையும் இருக்கு. வேற என்ன வேணும்?

நான் செஞ்சது இதுதான்:

1. புது ரவுட்டர்தான் தலைவர். வெளி உலகத்தோட பேசறது, வீட்டுச் சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கறது எல்லாம் அதோட வேலை.
2. பழசோட முகவரியை 192.168.1.1-லிருந்து 192.168.1.2-ன்னு மாத்தினேன். ரெண்டும் ஒரே முகவரியில இருந்தா அடிதடிதான்.
3. பழசுல டிஹெச்சிபியை அணைச்சேன். (முதல் தடவை இதை மறந்துட்டேன். ஆளுக்கொரு முகவரி கொடுத்து ராத்திரி முழுக்க வீட்டுல யாருக்கும் நெட் இல்லை. தப்பு என்னுதுதான்.)
4. புதுசோட லேன் ஓட்டையிலிருந்து பழசோட லேன் ஓட்டைக்கு கேட் 5இ ஒயர். 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், எனக்கு 25 மீட்டரே போதுமா இருந்தது.
5. புதுசுக்கு சேனல் 1, பழசுக்கு 11. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 1, 6, 11 மூணும்தான் ஒண்ணோட ஒண்ணு உரசாது.

ஒயரைக் கூரைக்கு மேல வெளியில இழுக்காதீங்க, இடி மின்னல் நேரத்துல ரெண்டு பெட்டியும் போயிடும். நான் பரண் வழியாத்தான் உள்ளேயே இழுத்தேன். அடாப்டரையும் மாத்திப் போட்டுடாதீங்க. 9 வோல்ட்டும் 12 வோல்ட்டும் முனை ஒண்ணு போலவே இருக்கும்.

எல்லாரும் ரெண்டு ரவுட்டருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வைக்கச் சொல்வாங்க. வீட்டுக்குள்ள நடமாடறவங்களுக்கு அது சரி. ஆனா சில போன் செத்துப்போன சிக்னலையே கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். அம்மா போன் பின்கட்டை விட்டு நகராது. அதனால "பின்கட்டு"ன்னே தனிப் பெயர் வச்சு, அம்மா போனுக்கு அதை மட்டும் காட்டிக் கொடுத்தேன்.

பழசு மெதுவா இருக்காதான்னு கேட்பீங்க. இருக்கும். அதோட ஓட்டை 100 மெகாபிட்டைத் தாண்டாது. ஆனா ஒரு வீடியோ அழைப்புக்கு ரெண்டு மெகாபிட் இருந்தாலே தாராளம். அம்மா என்ன சினிமாவா டவுன்லோட் பண்ணப் போறாங்க?

ஒரு எல்லை மட்டும் உண்டு. 2001-லேயே உடைபட்ட டபிள்யூஇபி பூட்டு மட்டுமே தெரிஞ்ச பெட்டின்னா தயவு தாட்சண்யம் பார்க்காதீங்க, மின்கழிவுல சேருங்க. டபிள்யூபிஏ2 இருந்தா வச்சுக்கலாம். அதையும் புதுசுக்குப் பின்னாடிதான் வைக்கணும், நேரா இணையத்துக்கு முன்னாடி நிறுத்தக் கூடாது. சில பழைய ரவுட்டருக்கு 2004-ல் பிறந்த ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளைப் போட்டு இன்னும் உயிரோட வச்சிருக்காங்க. என் மோடத்துக்கு அந்த யோகம் இல்லை.

என் கருத்து இவ்வளவுதான். நாம காசைக் கொட்ட வேண்டியது அலையில இல்லை, ஒயர்ல. ஒயர் சரியான இடத்துக்குப் போயிட்டா பதினஞ்சு வருஷப் பெட்டியும் வேலை செய்யும். போகலைன்னா ஏழாயிரம் ரூபா பெட்டியும் மண்சுவர்ல முட்டிக்கிட்டு நிக்கும். எனக்கு ஆன செலவு ஒயரும் ரெண்டு கிளிப்பும் சேர்த்து ஐநூறுக்குள்ள.

இப்ப அம்மா கட்டில்ல சாய்ஞ்சுக்கிட்டே பேசறாங்க. முன்னெல்லாம் கால் வலிக்குதுன்னு பத்து நிமிஷத்துல வச்சிடுவாங்க. இப்ப ஒரு மணி நேரம். "டேய், அந்தப் பெட்டியை ஒன்பதேமுக்காலுக்கு அணைச்சு விடுறா, நான் இன்னும் சாப்பிடலை" அப்படின்னு அண்ணன் எனக்குத் தனியா மெசேஜ் போடறாரு.

நான் அணைக்கலை.

டிஸ்கி: மூட்டையை வித்தாச்சு. ஒயர் அப்படியே இருக்கு.