நமக்கு மருந்து, பூனைக்கு நஞ்சு!

"அய்யா, நாய் ஓயாம சொறியுது. வேப்பெண்ணெயில கற்பூரம் கலந்து தடவலாமா?" திண்டுக்கல்லில் என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் கிளம்பும்போது கேட்கும் கேள்வி இது.

சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், வேண்டாம்! நாயும் பூனையும் பூசியதை நக்கி விழுங்கிவிடும். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரலாம். நமக்கு நல்லதான சின்ன வெங்காயமும் பூண்டும் அவற்றின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அதனால் மிச்ச பிரியாணியையும் சாம்பார் சாதத்தையும் வைக்காதீர்கள். ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரையே பறிக்கலாம். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் பூனைக்கு விஷம்தான்.

அலர்ஜியை எப்படிக் கண்டுகொள்வது? நாய் வாலடியையும் இடுப்பையும் கடித்துக்கொண்டே இருந்தால், பூனைக்குக் கழுத்தில் பொடிப்பொடியாகப் பொருக்குக் கட்டினால், தெள்ளுப்பூச்சியைச் சந்தேகியுங்கள். பேன் சீப்பால் வாருங்கள். விழும் கறுப்புத் துகளை ஈரப் பஞ்சில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளுதான்! தெள்ளின் முட்டைகள் படுக்கையில்தான் உதிர்ந்து கிடக்கும். படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். நம்ம ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

காதும் பாதமும் வருஷம் முழுக்க அரித்தால் உணவும் காரணமாக இருக்கலாம். கால்நடை மருத்துவர் 8 வாரம் போல குறிப்பிட்ட உணவை மட்டும் கொடுக்கச் சொல்லிக் கண்டுபிடிப்பார். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வாயில்லா ஜீவனிடம் நம் கைவைத்தியத்தைச் சோதித்துப் பார்க்கலாமா? யோசியுங்கள்!