பழைய அச்சுப்பொறியும் பாதுகாப்புத் தமிழும்

கண்டி மாநகரைச் சூழ வாழும் நாம் ஒருவகையிற் பாக்கியசாலிகள். பழைய இயந்திரங்களைப் பேணிவைத்த இடங்கள் இரண்டு நமக்கு அணித்தே உள்ளன. ஹந்தானையில் 1925ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற தேயிலைத் தொழிற்சாலை 2001இல் நூதனசாலையாயிற்று. கடுகண்ணாவையிலே புகையிரத நூதனசாலை 2014இல் திறக்கப்பெற்றது. கொழுந்தை அரைத்த உருளைகளும் மலையேறிய புகைவண்டிகளும் போற்றப்படுதல் தக்கதே. ஆயின், அவற்றின் பின் வந்த இயந்திரங்களின் கதி என்ன? பெருங்கணனிகள் சம்பளப் பட்டியலையும் வங்கிக் கணக்கையும் தாளிற் பொறித்துத் தருதற்குத் துணைநின்ற வரி அச்சுப்பொறிகளைப் பழைய இரும்பென்று நிறுத்து விற்பதே உலக வழக்காயிற்று.

அவ்வினத்துட் பேர்பெற்றது ஐ.பி.எம். நிறுவனத்தார் 1959இல் தம் 1401 கணனியோடு வெளியிட்ட 1403 என்னும் பொறி. எழுத்துகள் பொருந்திய சங்கிலியொன்று தாளின் முன்னே வினாடிக்கு 90 அங்குல வேகத்திற் கிடையாக ஓடும். வேண்டிய எழுத்து உரிய இடத்தைக் கடக்கும் அக்கணத்தில், தாளின் பின்னுள்ள சுத்தியல் மின்காந்தத்தால் உந்தப்பெற்றுத் தாளை மைநாடாவின்மீது அறையும். ஒரு வரிக்கு 132 இடங்கள். நிமிடத்துக்கு 600 வரிகள். சங்கிலியில் 48 குறிகள் ஐந்துமுறை அடுக்கப்பெற்று 240 எழுத்துருக்களாய் நின்றன. நம் நெடுங்கணக்கோ 247. தமிழாசிரியன் இதனை எண்ணிப் பாராதிருத்தல் அரிது!

கலிபோர்ணியாவில் மவுண்டன் வியூ என்னும் ஊரிலுள்ள கணனி வரலாற்று நூதனசாலையில் இத்தகைய கணனிகள் இரண்டினையும் அவற்றின் அச்சுப்பொறிகளையும் பழைய பணியாளர்கள் தொண்டாகச் சீர்செய்து இன்றும் இயக்கிக் காட்டுகின்றனர். இயக்காது வைத்தாற் பொறி தேயாதன்றோ என்பார் உளர். தேயாது, ஆனால் உறையும். நெய்ப்பசை இறுகிப் பிசினாகும். இறப்பர் உருளை ஒரே பக்கம் அழுந்திச் சப்பையாகும். ஒலியடக்க வைத்த நுரைப்பஞ்சு பொடிந்து சுத்தியல்களிடையே விழும். நம் மலைநாட்டு ஈரக்காற்றில் துருவும் உடன்சேரும். ஆதலின் இயங்கும் நிலையிற் காத்தலே காத்தல் என்பது என் துணிபு. அறிந்தார் ஒருவரும் இல்லாதவிடத்து மின்சாரம் கொடாதிருத்தலே நன்று என்பதையும் அதனோடு சேர்த்தே சொல்வேன்.

ஏனெனின், இப்பொறி கையைக் கேட்கும். மூடியைத் திறந்தவுடன் ஓட்டத்தை நிறுத்தும் காப்பு ஆளிகள் வேலைக்கு இடையூறென்று அவற்றைக் கட்டிவைத்து ஓட்டும் வழக்கம் எவ்விடத்தும் உண்டு. அதனினும் பெரிய மடமை வேறில்லை. ஓடும் சங்கிலிக்கும் தாளிழுக்கும் பற்களுக்கும் கழுத்துப்பட்டி, நீண்ட கை, சால்வைத் தலைப்பு எல்லாம் ஒன்றே. ஆளியை நிறுத்தினாற் போதாது. செருகியைக் கழற்றி, அதனைக் கழற்றியவரே தம் கண்முன் வைத்துக்கொள்ளல் வேண்டும். அதன்பின்னும் மின்வழங்கியிலுள்ள பெரிய கொள்ளளவிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். சற்றுப் பொறுத்து, வோற்றுமானியால் அளந்த பின்னரே விரல் நீட்டலாம். உருகி அடிக்கடி எரிகின்றதென்று தடித்த கம்பியை இட்டவர், சுத்தியலொன்றின் சுருளுக்கு மின்னோட்டம் அறாது நின்றால் அச்சுருள் வெந்து புகைவதைக் காண்பர். மை கழுவப் பெற்றோல் கொண்டுவருதல் ஆகாது. தாளும் மைநாடாவும் குவிந்த அறையில் ஒரு பொறி போதும். தாளை நகர்த்தும் எண்ணெயமுக்கப் பகுதி கசிந்தால் நிலம் வழுக்கும். இரைச்சலோ சொல்லி மாளாது. செவிக்காப்பின்றி அருகில் நெடுநேரம் நிற்றல் தகாது.

இவையெல்லாம் புதுமையல்ல. ஆபத்தான இயந்திர உறுப்புகளுக்கு வேலியிடுக என நம் நாட்டில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் அன்றே விதித்தது. என் குறை பிறிதொன்று. இப்பொறிகளோடு வந்த கைந்நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. எச்சரிக்கைப் பலகைகளும் அவ்வாறே. எஞ்சிய அறிவு முதிர்ந்த பணியாளர் நாவில் நிற்கின்றது. அவரோ ஆண்டுதோறும் குறைகின்றனர். பொறியைத் திறக்கும் பையனுக்கு ஆங்கிலம் தடுமாறுமாயின், அவன் விரலைக் காப்பது எது?

மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளிற் சக்கரத்தை ரோதை என்பர். ரோதைமுனி என்றொரு தெய்வத்தையும் அங்கு வழிபடுவர். சுழலும் ரோதை கையைக் கொண்டுபோம் என்பதை அறிந்தோர் அச்சத்துக்கும் தம் வாய்மொழியிலேயே பெயரிட்டனர் என்றே யான் கருதுகின்றேன். படித்த நாம் அவ்வளவேனும் செய்தோமா? கொள்ளளவி, உருகி, ஆளி எனப் பாடநூலிற் சொற்கள் நிரம்ப உள. அவை பரீட்சைத் தாளிலேயே தங்கிவிடுகின்றன. இயந்திரத்தின்மேல் ஏறுவதில்லை. (ஆயுத பூசையன்று மட்டும் சந்தனமும் குங்குமமும் ஏறுகின்றன. மூடிக்கு இடுக, சங்கிலிக்கு வேண்டா.)

நம் பழைய மாணவருள் கணனித்துறையிலும் மின்துறையிலும் பணியாற்றி ஓய்ந்தோர் இருப்பர். 1964 முதல் பேராதனையில் இயங்கும் பொறியியற் பீடமும் அண்மையிலேயே உண்டு. பழைய அச்சுப்பொறி எங்கேனும் களஞ்சியத்திற் கிடக்கக் கண்டால் இரும்புக்காரனுக்குச் சொல்லுமுன் எமக்குச் சொல்லுக. அதனைத் துடைத்தறிந்தவர் வாய்மொழியைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக்கொள்ள உயர்வகுப்பு மாணவர் இருவரை அனுப்பலாம். சொல் திருத்தும் வேலையை யான் ஏற்கின்றேன். முதலில் எழுதவேண்டியது பொறியை நிறுத்தும் முறை. ஓட்டும் முறை அதன் பின். செருகியின் மேலே தொங்கும் பலகையில் எழுத்து இரண்டங்குல உயரமேனும் இருத்தல் வேண்டும், மழைக்கால வெளிச்சத்திலும் தெரிதற்பொருட்டு.