மாணவர்களுக்கு வீடு கிடையாதாம், சொல்றது மதராசி!

போன ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி. வாரம் முழுக்க குர்கான்ல ஆணி புடுங்கிட்டு, அன்னிக்குத்தான் நிம்மதியா உக்கார்ந்திருந்தேன். தங்கமணி அடை வார்த்துக்கிட்டு இருந்தாங்க. எங்க காலனி ஆர்.டபிள்யூ.ஏ. கமிட்டிக்காரர் ஒருத்தர் கையில பேப்பரோட வந்து பெல் அடிச்சார். "சின்ன கையெழுத்து சார், எல்லாரும் போட்டாச்சு"ன்னார்.

படிச்சுப் பார்த்தேன். வர்ற ஜூலையில இருந்து காலனியில எந்த ஃபிளாட்டையும் மாணவர்களுக்கோ கல்யாணம் ஆகாதவங்களுக்கோ வாடகைக்கு விடக்கூடாது. ஏற்கனவே இருக்கிறவங்க மூணு மாசத்துல காலி பண்ணணும். "குடும்பங்களுக்கு மட்டும்." கீழே 41 கையெழுத்து. அதுல 13 நம்ம ஊர்ப் பேரு. மலை மந்திர்ல பங்குனி உத்திரத்துக்குப் பக்கத்துல நின்னு கும்பிட்டவங்க, நம்ம டி.டி.இ.ஏ. ஸ்கூல்ல பிள்ளைங்களைப் படிக்க வச்சவங்க, தமிழ்ச் சங்கத்துல முன் வரிசையில உக்கார்றவங்க.

நான் போடலை. அந்த 13 பேருக்கும், அவங்களை மாதிரி பெங்களூரு, புனே, ஹைதராபாத்னு போய் வீடு வாங்கி உக்கார்ந்திருக்கிற நம்மாளுங்க எல்லாருக்கும்தான் இதை எழுதறேன். கோவமாத்தான் எழுதறேன். முதல்ல ஒண்ணை ஒத்துக்கறேன்: போன வருஷம் இதே மாதிரி ஒரு பேப்பர் வந்தப்ப நான் கையெழுத்துப் போட்டேன். அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

ஏரியாவைத் தெரியாதவங்களுக்காக கொஞ்சம் முன்கதை. தெற்கு டில்லியில முனிர்கா. எங்க காலனி அதுக்குப் பக்கத்துல (பேர் வேணாம், அங்கேதான் நான் குடியிருக்கணும் :-)). 1969ல ஜே.என்.யூ. ஆரம்பிச்ச காலத்துல இந்தப் பக்கமெல்லாம் ஊருக்கு வெளியே. கிராமம், பாறை, முள்ளுக்காடு. அந்தப் பக்கம் ஐ.ஐ.டி., இந்தப் பக்கம் ஜே.என்.யூ. ஜே.என்.யூ. ஹாஸ்டலுக்கெல்லாம் ஆத்துப் பேரு வச்சிருக்காங்க. காவேரி, பெரியார், கோதாவரி, சபர்மதி... (பெரியார்னா ஆறுங்க, அவசரப்படாதீங்க.) ஆனா எத்தனை ஆறு ஓடினாலும் எல்லாருக்கும் ரூம் கிடையாது. ஹாஸ்டல் கிடைக்காத பசங்க முனிர்கா, பேர் சராய், கட்வாரியா சராய்னு பரவிடுவாங்க. ஜெராக்ஸ் கடை, டிஃபன் சப்ளை பண்றவங்க, பழைய புத்தகக் கடை, ராத்திரி ஒரு மணிக்கு முட்டை பரோட்டா போடற வண்டி எல்லாமே அவங்களை நம்பித்தான்.

முனிர்கா கிராமம் லால் டோராவுக்குள்ள வர்றது. அதாவது வெள்ளைக்காரன் காலத்துல வருவாய்த்துறை மேப்ல சிவப்புக் கோடு போட்டு "இது ஊர், குடியிருப்பு"ன்னு குறிச்ச இடம். அதுக்குள்ள கட்டட விதிகள் பல வருஷமா செல்லாம இருந்தது. அதனால அஞ்சு மாடி, ஆறு மாடின்னு எழுப்பி, எதிர் வீட்டு ஜன்னல்ல கை நீட்டி உப்பு வாங்கற அளவுக்கு நெருக்கம். பகல்லயே லைட் போடணும்.

அந்தச் சந்து ஒண்ணுலதான் 2004ல நான் டில்லி வாழ்க்கையைத் தொடங்கினேன். மொட்டை மாடியில ஒத்தை ரூம், இங்கே பர்சாத்தின்னு சொல்வாங்க. 2,800 ரூபாய் வாடகை. ஒரு மாச அட்வான்ஸ், ப்ராப்பர்ட்டி டீலருக்குப் பாதி மாசம். மே மாசம் தண்ணி டாங்க்ல கை வச்சா சுடும். கரெண்டுக்கு ஓனர் தனியா ஒரு சப் மீட்டர் மாட்டியிருப்பார், அது எப்படி ஓடுதுன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஆனாலும் சந்தோஷமாத்தான் இருந்தேன். முனிர்கா கடையில இட்லி அரிசியும் கறிவேப்பிலையும் கிடைச்சுது, வேற என்ன வேணும்?

அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல திரும்பறப்ப அம்மா நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தாங்க. மூணு பிளாஸ்டிக் கவர், அதுக்கு மேல நியூஸ் பேப்பர், அதுக்கு மேல ஒரு டப்பா. ஒரு சனிக்கிழமை குழம்பு வச்சேன். கொதி வந்து பத்து நிமிஷம் ஆகலை, ஓனர் அம்மா துப்பட்டாவால மூக்கைப் பொத்திக்கிட்டு மாடி ஏறி வந்துட்டாங்க. எலி செத்துப் போச்சான்னு முதல்ல கேட்டாங்க. சட்டியைக் காட்டினேன். அவ்வளவுதான். அந்த மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லிட்டாங்க. என்னை விடுங்க, குழம்பைக் கூட முழுசா சாப்பிட விடலைங்க. மனசு கெட்டுப் போய்க் கொட்டிட்டேன்.

அப்புறம் கல்யாணம் ஆச்சு. அப்பத்தான் அதிசயம் நடந்தது. அதே டீலர், அதே தெரு, ஆனா இப்ப நான் "மதராசி ஃபேமிலி". "மதராசி ஃபேமிலி ஹை, கோயி டென்ஷன் நஹி"ன்னு ஃபோன்ல சொல்லியே நாலு வீட்டைத் திறந்து காட்டினார். வாடகை ஒண்ணாம் தேதி வந்துடும், சத்தம் போட மாட்டாங்க, கோயிலுக்குப் போவாங்க, சைவம் (அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க, நாங்களும் திருத்தலை). கருவாட்டை ஜன்னலைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுச் சமைக்கக் கத்துக்கிட்டோம். அந்த நல்ல பேர்லயே ஆறு வீடு மாறி, 2014ல லோன் போட்டு இந்த ஃபிளாட்டை வாங்கினோம்.

இப்ப யோசிச்சா எரிச்சலா இருக்கு. நமக்குக் கிடைச்ச அந்த நல்ல பேரு சும்மா கிடைச்சதில்லை. டீலர் எனக்குத் திறந்துவிட்ட அதே வீட்டை, எனக்கு முன்னாடி வந்த யாருக்கோ "காலி இல்லை"ன்னு சொல்லியிருப்பார். அது ஒரு மணிப்பூர்ப் பையனா இருக்கலாம், ஒரு காஷ்மீரிப் பொண்ணா இருக்கலாம். 2015ல சுகதேவ் தோரட்டும் மத்த ஆய்வாளர்களும் டில்லி, நொய்டா, குர்கான், காஜியாபாத், ஃபரிதாபாத்ல வாடகை வீடு கேட்டுப் பார்த்து எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில கட்டுரை எழுதினாங்க. தலித்துகளுக்கு மறுப்பு, முஸ்லிம்களுக்கு அதைவிட அதிக மறுப்புன்னு அதுல வந்தது. "நல்ல குடித்தனக்காரர்"னு ஒரு பட்டியல் இருந்தா, அதோட பின்பக்கத்துல இன்னொரு பட்டியல் இருக்கும். நாம முன்பக்கம் ஏறினதும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கறதில்லை.

இப்ப போன வருஷக் கதை. எங்களுக்கு மேல் ஃபிளாட்ல ரெண்டு பொண்ணுங்க குடியிருந்தாங்க. ஒருத்தி நாகாலாந்து, இன்னொருத்தி அசாம், ரெண்டு பேரும் ஜே.என்.யூ. நாகாலாந்துப் பக்கம் சோயாபீன்ஸைப் புளிக்க வச்சு அகுனின்னு ஒண்ணு செய்வாங்க. வாடை தூக்கும், இல்லைன்னு சொல்ல மாட்டேன். மார்ச் மாசம் ஒரு பேப்பர் சுத்தினாங்க, "காலனியின் ஒழுங்கு பற்றி"ன்னு தலைப்பு. கார் பார்க்கிங் பத்தி ரெண்டு பத்தி, நாய் பத்தி ஒரு பத்தி, கடைசியில ரெண்டு வரி: துர்நாற்றம், நேரங்கெட்ட நேரத்தில் வரும் விருந்தினர். நான் பார்க்கிங் பத்தியைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன். அந்த ரெண்டு வரியை வச்சு அந்த ஃபிளாட் ஓனரை நெருக்கினாங்க. ஏப்ரல் கடைசி, செமஸ்டர் பரீட்சை நேரம், 42 டிகிரி வெயில்ல அந்தப் பொண்ணுங்க ஒரு டெம்போவில சாமான் ஏத்திக்கிட்டிருந்தாங்க. நான் ஆபீஸ் கிளம்பிக்கிட்டிருந்தேன். அதுல ஒருத்தி "குட் மார்னிங் அங்கிள்"னு சொன்னா.

அவங்க ரொம்ப நல்ல பொண்ணுங்க, ராத்திரியில எங்களுக்கு உதவி செஞ்சாங்கன்னு ஒரு கதை சொல்லி உங்களை உருக்கலாம். அப்படி ஒண்ணும் நடக்கலை. ரெண்டு வருஷம் தலைக்கு மேல குடியிருந்தவங்க முழுப் பேரு கூட எனக்குத் தெரியாது. நல்லவங்கன்னு நிரூபிச்சாத்தான் வீடுன்னா, நமக்கு அந்தப் பரீட்சையை யார் வச்சாங்க?

2007ல டில்லி போலீஸ் வடகிழக்கு மாணவர்களுக்காக ஒரு கையேடு போட்டாங்க. மூங்கில் குருத்து, அகுனி மாதிரி வாடை வர்ற சமையலை அக்கம்பக்கத்துல பிரச்சினை வராம செய்யுங்கன்னு அதுல அறிவுரை. அப்ப எனக்குச் சிரிப்பா இருந்தது. 2014 ஜனவரியில நிடோ டானியாங்கிற அருணாச்சலப் பிரதேச மாணவனை லாஜ்பத் நகர்ல, அவன் முடியைக் கிண்டல் பண்ணி ஆரம்பிச்ச தகராறுல அடிச்சாங்க, செத்துப் போனான். அப்ப மெழுகுவர்த்தி ஏத்தினவங்களைப் பார்த்து நாமளும் உச்சுக் கொட்டினோம். வாடையில ஆரம்பிக்கறது வாடையோட நிக்கறதில்லைன்னு நமக்குத் தெரியாதா? 1991 டிசம்பர்ல காவிரியைச் சாக்கு வச்சு பெங்களூர்ல தமிழர் வீட்டையும் கடையையும் தேடி அடிச்சதை நம்ம சொந்தக்காரங்க எத்தனை பேர் இன்னும் சொல்லிக்கிட்டிருக்காங்க?

சரி, கமிட்டிக்காரர் என்கிட்ட சொன்ன காரணங்களுக்கு வருவோம்.

"என் வீடு, என் இஷ்டம்." ரொம்ப சரி. ஆனா அந்தப் பேப்பர் என்ன சொல்லுது? உங்க வீட்டை யாருக்கு விடணும்னு 41 பேர் சொல்றாங்க. இஷ்டத்தைப் பறிக்கறதே அதுதான். ஆர்.டபிள்யூ.ஏ.ங்கிறது 1860ம் வருஷச் சங்கப் பதிவுச் சட்டத்துல பதிவாகிற சாதாரண சங்கம். அது நகராட்சியும் இல்லை, போலீஸ் ஸ்டேஷனும் இல்லை.

"சத்தம், பார்ட்டி." இருக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் கூடாதுன்னு விதி போடுங்க, நானே முதல் கையெழுத்து. ஆனா அந்த விதி போன மாசம் விடிய விடிய மைக் வச்ச ஜாக்ரண் பந்தலுக்கும் சேர்த்துத்தான். சம்மதமா?

"பாதுகாப்பு." டில்லியில குடித்தனக்காரர் விவரத்தைப் போலீஸ்ல கொடுக்கணும்னு ஏற்கனவே உத்தரவு உண்டு. அதை ஒழுங்கா செய்யுங்க. அதைச் செய்யாத ஓனருங்கதான் இந்தப் பேப்பர்ல முதல் அஞ்சு கையெழுத்து.

"சட்டம் நம்மைத் தடுக்கலையே." இதுதான் எனக்கு வயிறு எரியற இடம். உண்மைதான், தடுக்கலை. அரசியல் சட்டம் 19வது பிரிவுல இந்தியாவுல எங்கே வேணும்னாலும் குடியிருக்கலாம்னு உரிமை கொடுக்குது. ஆனா தனியார் வீட்டுக்காரர் கதவைச் சாத்தினா எந்தக் கோர்ட்டுக்குப் போறது? மாச வாடகை 3,500 ரூபாய்க்கு மேல போனா 1958ம் வருஷ டில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தாது. இன்னிக்கு அந்த வாடகைக்கு இங்கே ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைக்கும். ஒரு வருஷத்தைத் தாண்டினா பதிவு பண்ணணும்னு எல்லாரும் 11 மாச அக்ரிமென்ட்தான். நாம சட்டத்தை எதிர்பார்த்து இந்த ஊருக்கு வரலை, யாரோ ஒருத்தர் கதவைத் திறந்ததாலதான் இங்கே இருக்கோம்.

ரெண்டு ரூம் ஃபிளாட்டை வாடகைக்கு விடற நம்மாளுங்க கிட்ட நான் கேட்கறது பெரிய புரட்சி இல்லை. என்ன சமைப்பீங்கன்னு கேட்காதீங்க. என்ன ஜாதி, என்ன மதம்னு சுத்தி வளைச்சும் கேட்காதீங்க ("முழுப் பேரு என்ன?"ங்கிற கேள்வி எதுக்குன்னு நமக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்). அட்வான்ஸ் ரெண்டு மாசத்தோட நிறுத்துங்க. 2021ல மத்திய அரசு கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டத்துலயே அதுதான் உச்சவரம்பு. கரெண்டுக்கு பில்லுல இருக்கிறதை வாங்குங்க, அதுல லாபம் பார்க்காதீங்க. காலி பண்ணச் சொல்றதா இருந்தா பரீட்சை முடியட்டும்.

வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பார்க்ல மீட்டிங். இந்தப் பேப்பரைத் தீர்மானமா வைக்கப் போறாங்க. நான் எழுந்து எதிர்த்துப் பேசறதா இருக்கேன். என் ஹிந்தி இருபது வருஷமாகியும் ஆண்பால் பெண்பால் தகராறுதான், சிரிப்பாங்க, பரவாயில்லை. போன வருஷம் நான் போட்ட கையெழுத்தைப் பத்தியும் அங்கேயே சொல்லிடப் போறேன். 13 பேர்ல ஒருத்தராவது பக்கத்துல வந்து நின்னா நல்லா இருக்கும். மாமா, அக்கா, அண்ணாச்சின்னு உறவு சொல்லித்தான் உங்க எல்லாரையும் கூப்பிடறேன், அதனால உரிமையோட கேட்கறேன்.

தங்கமணி மட்டும் ஒரு கேள்வி கேட்டாங்க: "மேல் ஃபிளாட் இன்னும் காலியாத்தானே இருக்கு? அந்தப் பொண்ணுங்க நம்பர் யார்கிட்டயாவது இருக்குமா?" என்கிட்ட இல்லை. ஓனர்கிட்ட கேட்டிருக்கேன்.