அரைச்ச மாவையே அரைச்சாரா கிரேஸி மோகன்?



போன வாரம் ஒரு ஜூனியர் என்கிட்ட கேட்ட கேள்வியில இருந்து ஆரம்பிக்கிறேன். எங்க டிபார்ட்மென்ட் கல்சுரல்ஸுக்கு ஸ்கிட் எழுதுற ஆஸ்தான வித்வான் நான்தான். (வேற யாரும் எழுத முன்வரலைங்கிறது தனிக்கதை!) ஃபர்ஸ்ட் இயர்ல எழுதினதுல, புதுசா சேர்ந்த பையனைப் புது லெக்சரர்னு நினைச்சு கிளாஸே எழுந்து வணக்கம் வைக்கும். செகண்ட் இயர்ல, காலேஜ் வாட்ச்மேனை சீஃப் கெஸ்ட்னு நினைச்சு மேடையில உட்கார வெச்சு சால்வை போர்த்துவாங்க. இந்த வருஷம் லேப் அசிஸ்டென்ட்டுக்கு ஒரு ட்வின் பிரதர். ஸ்கிரிப்ட்டை பிரின்ட் போட்டு நீட்டினா, அந்த ஜூனியர் முதல் பக்கத்தைக்கூட புரட்டலை. "அண்ணா, இந்த வருஷம் யாரு யாரா மாறுறாங்க?"ன்னு கேட்டான் பாருங்க...

செம டேமேஜ்!

வீட்டுக்கு வந்து தாத்தாகிட்ட புலம்பினேன். எங்க வீடு ஆழ்வார்பேட்டை. இந்தப் பக்கம் நடந்தா எல்டாம்ஸ் ரோடு, அந்தப் பக்கம் டி.டி.கே. ரோட்டுல நாரத கான சபா. சபா நாடகம்னா தாத்தாவுக்கு உசுரு. "போடா, கிரேஸி மோகனையும் இப்படித்தான் சொன்னாங்க. ஆள்மாறாட்டத்தை விட்டா அந்த மனுஷனுக்கு வேற என்ன தெரியும்னு கேட்டாங்க. கேட்டவனும் முதல் வரிசையில உட்கார்ந்து சிரிச்சான்"னார். நான் சும்மா இருந்திருக்கலாம். "உண்மைதானே தாத்தா, அவரும் அரைச்ச மாவையேதானே அரைச்சார்?"னு வாயை விட்டுட்டேன். அன்னிக்கு நைட் டின்னர்ல தாத்தா என்கூட பேசலை.

சரி, உணர்ச்சிவசப்படாம கேஸை விசாரிப்போம்னு உட்கார்ந்தேன். மனுஷன் நம்மாளு. கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சவர். 1972-ல் இன்டர் காலேஜ் போட்டிக்காக 'கிரேட் பேங்க் ராபரி'னு ஒரு நாடகம் எழுதினார். அந்தப் போட்டியிலதான் கமல் அறிமுகம். படிப்பு முடிச்சு சுந்தரம் கிளேட்டன்ல வேலை. 1976-ல் எஸ்.வி.சேகர் குழுவுக்காக 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுத, அது பிச்சுக்கிட்டு ஓட, மோகனுக்கு முன்னாடி 'கிரேஸி' வந்து ஒட்டிக்கிச்சு. 1979-ல் சொந்தக் குழு, கிரேஸி கிரியேஷன்ஸ். அப்புறம் நாடகம் நாடகமா மாது, சீனு, ஜானகி. அதே பேரு, அதே வீடு, அதே குழப்பம். 2019 ஜூன் 10-ம் தேதி அவர் மறையுற வரைக்கும் இதுதான்.

சினிமாவுக்கு வாங்க. 'மைக்கேல் மதன காமராஜன்' (1990), ஒரே முகத்துல நாலு பேர். 'அவ்வை சண்முகி' (1996), அப்பாவே ஆயாம்மா. 'காதலா காதலா' (1998), பொய்க்கு மேல பொய், அதுக்கு மேல இன்னொரு பொய். 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' (2004), ரவுடியே டாக்டர். ஹீரோயின் பேரு? அபூர்வ சகோதரர்கள்ல ஜானகி, அவ்வை சண்முகியில ஜானகி, தெனாலியில ஜானகி, பம்மல் கே. சம்பந்தத்துல ஜானகி, வசூல்ராஜாவுல டாக்டர் ஜானகி! ஸ்கூல்ல தன்னை மேடையேத்தின டீச்சர் பேரு ஜானகி, அந்த நன்றிக்காகத்தான் இந்தப் பேருன்னு அவரே சொல்லியிருக்கார். நெகிழ்ச்சியான விஷயம்தான். ஆனா ஜூனியர் பையன் கண்ணுல பட்டா "அண்ணா, ஹீரோயின் பேராவது மாத்துவாரா?"ன்னு கேட்டிருப்பான்.

போதாததுக்கு ஐடியாவே அவரோட சொந்த ஐடியா கிடையாது. 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்துல முத்துராமன் பணக்கார அப்பாவா வேஷம் போட்டாச்சு. 'தில்லு முல்லு'வுல (1981) ரஜினி மீசை இருக்கிற ஆளு, இல்லாத ஆளுன்னு ரெண்டா திரிஞ்சாச்சு. அவ்வை சண்முகிக்கு முன்னாடியே ஹாலிவுட்ல 'மிசஸ் டவுட்ஃபயர்' (1993). வசூல்ராஜா நேரா ஹிந்தி முன்னாபாய். இன்னும் பின்னாடி போனா ஷேக்ஸ்பியர்கிட்டயே ரெண்டு ஜோடி இரட்டையர் இருக்காங்க. ஆக, மாவும் கடன், கிரைண்டரும் கடன்!

"படத்துக்கு அவர் டயலாக்தானே எழுதினார், கதையும் திரைக்கதையும் மத்தவங்களோடது"ன்னு நீங்க பாயின்ட் பிடிக்கலாம். பெரும்பாலும் கரெக்ட். ஆனா ஆள்மாறாட்டக் கதைன்னாலே கமல் ஏன் இவரைத் தேடிப் போனார்?

இதுக்கு பதில் கிடைச்சது ஒரு கேம்ல. என் கிளாஸ்மேட் ஒருத்தன் வீடியோ கேம் வெறியன். என் சோகத்தைக் கேட்டுட்டு, "கெய்தா தகஹாஷி தெரியுமா?"ன்னான். ஜப்பான்காரர். சிற்பக்கலை படிச்சுட்டு கேம் பண்ண வந்தவர். 2004-ல் நாம்கோ கம்பெனிக்காக 'கட்டமாரி டமாசி'னு ஒரு கேம் பண்ணார். ஆட்டம் இவ்வளவுதான்: ஒட்டுற பந்து ஒண்ணை உருட்டணும். முதல்ல குண்டூசி, ரப்பர் ஒட்டும். பந்து பெருசாக ஆக பூனை, சைக்கிள், மனுஷன், கட்டடம்னு ஒட்டிக்கிட்டே போகும். கடைசியில அது வானத்துல நட்சத்திரம். துப்பாக்கி, வில்லன் எதுவும் கிடையாது. கேட்டா கிறுக்குத்தனமா இருக்கும். ஆடினா விட மாட்டீங்க.

ஹிட்டானதும் கம்பெனி இன்னொண்ணு கேட்டுது. அவருக்கு இஷ்டமில்லை. இருந்தும் 2005-ல் ரெண்டாவது பாகம் பண்ணார். அதோட கதையே என்ன தெரியுமா? ரசிகர்கள் "இன்னும் உருட்டு, இன்னும் உருட்டு"ன்னு கேக்குறதுதான். செம நக்கல்! அதுக்கப்புறம் அந்தப் பந்துகிட்ட இருந்து தப்பிச்சு ஓடினார். 2009-ல் உடம்பு ரப்பரா நீளுற பையன். 2019-ல் எல்லாரும் கை கோர்த்துக்கிட்டு சுத்துற 'வாட்டம்'. 2025-ல் ரெண்டு கையும் பக்கவாட்டுல விறைச்சு நின்னுட்ட ஒரு ஸ்கூல் பிள்ளையோட கதை. ஒவ்வொண்ணும் வேற வேற கேம். ஆனாலும் "இவருக்கு ஒரே ஐடியாதான்பா, கிறுக்கா ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டு அதையே இழுக்குறார்"னு சொல்றவங்க சொல்லிக்கிட்டுதான் இருக்காங்க. என் கிளாஸ்மேட்டோ உருட்டுற கேமைத் தவிர மத்த எதையும் முழுசா ஆடி முடிக்கலை. ஓடினாலும் பந்து விடலை!

அப்ப அவன் சாதாரணமா ஒண்ணு சொன்னான். "மச்சி, அந்த கேம்ல உருட்டுறது மட்டும்தான்டா எல்லாம். கதையும் அதான், கன்ட்ரோலும் அதான், ஜோக்கும் அதான்."

எனக்கு டக்குனு கிரேஸி ஞாபகம்! அவர் டயலாக்ல என்ன நடக்குது? ஒருத்தர் ஒரு வார்த்தையைச் சொல்வார், எதிர்ல இருக்கிறவர் அதையே வேற அர்த்தத்துல எடுத்துப்பார். அப்பா 'படி'ன்னா பையன் மாடிப்படியைப் பாக்குற மாதிரி. (இது என் சொந்த சரக்கு, அவர் தலையில கட்டாதீங்க!) ஒரே முகத்துல ரெண்டு ஆளுன்னா அது கதை. ஒரே சொல்லுல ரெண்டு அர்த்தம்னா அது வசனம். வார்த்தைகூட அவர்கிட்ட ஆள்மாறாட்டம்தான் பண்ணுது! கமல் நாலு வேஷத்துல வந்து குழப்புறதுக்குள்ள, ஒவ்வொரு வரியும் நாலு வேஷம் போட்டு குழப்பிட்டுப் போயிடும். அதனாலதான் ஆள்மாறாட்டக் கதைக்கு அவர் டயலாக் அப்படி ஒட்டிக்குது.

ஆக, ஒரே ஐடியாதானான்னா, ஆமாம். ஒரே ஐடியாதான். தாத்தா மன்னிக்கணும். ஆனா அதை வெச்சு எங்கெல்லாம் போக முடியும்னு பாருங்க. 'அபூர்வ சகோதரர்க'ள்ல (1989) யாருமே வேஷம் போடலை. அப்பு பழி வாங்குறான், அவன் முகம் இருக்கிற ஒரே பாவத்துக்கு ராஜாவை போலீஸ் துரத்துது. அதே முக ஒற்றுமைதான், ஆனா சிரிச்சுக்கிட்டே இருக்கிறப்ப வயித்தைப் பிசையும். அவ்வை சண்முகியில எல்லாரும் கமலோட மேக்கப்பைப் பேசுறோம். எனக்குப் பிடிச்சது நாசர். முஸ்லிம் சமையல்காரர் பாஷா, ஐயர் வீட்டு வேலைக்காக வாய் பேச முடியாத பிராமண சமையல்காரரா வந்து நிக்கிறார். வாயைத் திறந்தா வேலை போச்சு. யாரு எந்த சமையல்கட்டுக்குள்ள நுழையலாம்னு இந்த ஊர்ல இன்னிக்கும் இருக்கிற கணக்கை, ஒரு பாத்திரத்தை ஊமையாக்கி சிரிக்கச் சிரிக்க காட்டிட்டாங்க. வாடகைக்கு வீடு தேடினவங்களுக்கு இந்த ஜோக் இன்னும் நல்லா புரியும். பை தி வே, 'அவ்வை சண்முகி'ங்கிற பேரே தெருப் பலகையில 'அவ்வை சண்முகம் சாலை'யைப் பார்த்து ஹீரோ அந்த நிமிஷம் அடிச்சு விடுறதுதான். அந்த ரோடு எங்க வீட்டுல இருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். அந்தப் பலகையைத் தாண்டுறப்ப எல்லாம் சிரிப்பு வரும்.

சறுக்கலும் உண்டு. 'காதலா காதலா'வோட ரெண்டாவது பாதியில எந்தப் பொய்யை யார் நம்புறாங்கன்னு எனக்கு நோட்டு போட்டு எழுத வேண்டியிருந்தது. சில நாடகங்கள்ல சொல் விளையாட்டு மட்டும் தனியா ஓடும், கதை பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு வரும். ஒரு ஜோக்குக்கு சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள மூணு போயிருக்கும். அப்புறம் ஜானகி! இத்தனை ஜானகி இருந்தும் குழப்பத்தைக் கிளப்புறவன் எப்பவும் ஆம்பளை. 'மகளிர் மட்டும்' (1994) மாதிரி ஒண்ணு ரெண்டை விட்டா, ஜானகிகளுக்கு ஏமாறுறதும் கோவப்படுறதும்தான் வேலை. டீச்சர் பேருக்கு இன்னும் கொஞ்சம் நல்ல ரோல் கொடுத்திருக்கலாம் சார்!

2017-ல் தாத்தா என்னை நாரத கான சபாவுக்கு இழுத்துக்கிட்டுப் போனார், 'சாக்லேட் கிருஷ்ணா' பார்க்க. எனக்கு அப்ப 12 வயசு. மாதுவா தம்பி மாது பாலாஜி. கஷ்டத்துல இருக்கிற மாதுவைத் தேடி கிருஷ்ணரே வர்றார். கிருஷ்ணரா வந்தது யாரு? சாட்சாத் கிரேஸி மோகனே! கடவுள் மனுஷ ரூபத்துல வர்றதைவிட பெரிய ஆள்மாறாட்டம் உண்டா? அன்னிக்கு எனக்கு பாதி ஜோக் புரியலை. ஆனா ஒண்ணு ஞாபகம் இருக்கு. கிருஷ்ணர் மாதுவை ஓட்டோ ஓட்டுன்னு ஓட்டுவார், அசிங்கப்படுத்த மாட்டார். இப்ப யோசிச்சா அவரோட முக்கால்வாசி கதையும் அப்படித்தான். பொய் சொன்னவன் மாட்டுவான், முழிப்பான், ஆனா தெருவுல நிக்க மாட்டான். சண்முகியா வந்தவன் மகளுக்காக வந்தான். வசூல்ராஜா டாக்டர் வேஷம் போட்டது ஊர்ல இருக்கிற அப்பா சந்தோஷத்துக்காக. வேஷம் கலையுறப்ப நாமளே அவனுக்காகப் பதறுவோம்.

இங்கதான் என் செகண்ட் இயர் ஸ்கிட் ஞாபகம் வந்து குத்துச்சு. கிளைமாக்ஸ்ல உண்மை தெரிஞ்சதும், வாட்ச்மேன் கழுத்துல இருந்து சால்வையை உருவிட்டு, ஸ்டேஜை விட்டு நெட்டித் தள்ளுவாங்க. அன்னிக்கு ஆடிட்டோரியமே அதிர்ந்தது. விசில்! மறுநாள் காலையில கேட்டுல நிஜ வாட்ச்மேன் அண்ணன் ஐ.டி. கார்டைப் பார்த்துட்டே, "தம்பி, நாடகம் நல்லா இருந்துச்சு. பின்னாடி நின்னு பார்த்தேன். சால்வையை மட்டும் பிடுங்காம விட்டிருக்கலாம்"னார். நான் "தேங்க்ஸ்ணா"ன்னு சொல்லிட்டு ஓடிட்டேன். கமென்ட்டை பாராட்டு கணக்குல சேர்த்து வெச்சிருந்தேன் இத்தனை நாளா.

ட்வின் பிரதர் ஸ்கிரிப்ட்டை ஞாயித்துக்கிழமை குப்பையில போட்டுட்டேன். புதுசா எழுதலை, பழசைத்தான் எடுத்திருக்கேன். அதே வாட்ச்மேன், அதே சீஃப் கெஸ்ட் குழப்பம். இந்தத் தடவை உண்மை நடுவுலயே தெரிஞ்சுடும். நிஜ சீஃப் கெஸ்ட் டிராஃபிக்ல மாட்டி வர முடியாம போயிடும். மைக் ஏற்கெனவே வாட்ச்மேன் கையில. 18 வருஷமா கேட்டுல நின்னு பார்த்த காலேஜைப் பத்தி அவர் பேச ஆரம்பிப்பார். அந்தப் பேச்சை எழுதத் தெரியாம நாலு நாளா முழிச்சுட்டு, நேத்து கேட்டுக்கே போய் அண்ணன் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒண்ணரை மணி நேரம் பேசினார். எங்க ஹெச்.ஓ.டி. சின்ன வயசுல லேட்டா வந்து சுவர் ஏறிக் குதிச்ச கதை உட்பட! (அது ஸ்கிட்ல வராது. எனக்கு இன்டர்னல் மார்க் வேணும்.)

ஜூனியர்கிட்ட ஸ்கிரிப்ட்டைக் கொடுத்தேன். "அண்ணா, மறுபடியும் ஆள்மாறாட்டமா?"ன்னான். ஆமாடான்னேன். இந்த முறை பக்கத்தைப் புரட்டினான்.

சனிக்கிழமை ரிகர்சல். வாட்ச்மேன் அண்ணன் டியூட்டி மாத்திக்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கார். சால்வை தாத்தாவோடது. ரிட்டயர்மென்ட் ஃபங்ஷன்ல போர்த்தினதாம். கறை படாம திருப்பிக் கொடுக்கணும்னு ஸ்ட்ரிக்ட் ஆர்டர்!