உயரமான டம்ளரும் மதுராந்தகம் ஏரியும்

மூன்றாம் வகுப்பில் என்ன படித்தீர்கள் என்று யாராவது உங்களைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். வாய்பாடு, கடன் வாங்கிக் கழித்தல், அரை, கால், மீட்டர், லிட்டர், கிலோ, கடிகாரம் பார்ப்பது, அவ்வளவுதானே, அதெல்லாம் எப்போதோ முடிந்துபோன கதை என்பீர்கள். அது அவ்வளவு எளிதில் முடிகிற கதையல்ல என்பது என் கட்சி. பள்ளிப் படிப்பிலேயே மிக அவசரமாகத் தாண்டப்படும் ஆண்டு அதுதான். அங்கே சரியாகப் பிடிபடாமற் போன ஒரு விஷயத்தில் பெரியவர்கள்கூட ஏமாந்து போகிறார்கள். அந்த ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே (1896-1980) என்ற அறிஞர் குழந்தைகளிடம் செய்து பார்த்த சோதனை ஒன்று உண்டு. ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர். இரண்டிலும் சம அளவா என்று கேட்டால் குழந்தை ஆமாம் என்கிறது. அதன் கண்ணெதிரிலேயே ஒரு டம்ளர் தண்ணீரை ஒல்லியான, உயரமான பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். இப்போது எதில் அதிகம்? ஐந்து வயதுக் குழந்தை தயங்காமல் உயரமான பாத்திரத்தைக் காட்டும். மட்டம் ஏறிவிட்டதே! ஏழு, எட்டு வயதில்தான், “ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லையே, எப்படிக் கூடும்?” என்று அது திருப்பிக் கேட்கத் தொடங்குகிறது. கேள்வியைக் கேட்கும் விதத்தைப் பொறுத்து இந்த வயது முன்பின் ஆகலாம் என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஆனால் இப்படி ஒரு மாறுதல் நிகழ்கிறது என்பதில் ஐயமில்லை.

எட்டு வயது என்பது நம் ஊரில் மூன்றாம் வகுப்பு. அதாவது, உயரம் வேறு, கொள்ளும் அளவு வேறு என்பதை ஏற்றுக்கொள்ள மனம் தயாராகும் வயதில்தான் லிட்டர் என்ற சொல்லும் பாடத்தில் வருகிறது. இதைவிடப் பொருத்தமான நேரம் வேறு கிடைக்காது. அந்த நேரத்தை நாம் என்ன செய்கிறோம்? புத்தகத்தில் ஒரு பாட்டில் படம், அதன் அருகில் ஒரு வாளிப் படம், எதில் அதிகம் கொள்ளும் என்று ஒரு கேள்வி. பிள்ளை டிக் அடிக்கிறது. பாடம் முடிந்தது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். மதுராந்தகத்துக்கு வாருங்கள்.

சென்னையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போனவர்களுக்கு மதுராந்தகம் ஏரி தெரிந்திருக்கும். செங்கல்பட்டு மாவட்டத்தின் மிகப் பெரிய ஏரி. பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட உத்தம சோழனுக்கு மதுராந்தகன் என்றும் ஒரு பெயர் உண்டு. ஊர்ப் பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். ஏரி காத்த ராமர் கோயிலும், 1790-களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸைப் பற்றிய கதையும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஏரி எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்று கேட்டால்தான் விழிப்பார்கள். கேட்டால் பெரியவர்களிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஓர் உயரமாக இருக்கும்: இருபத்து மூன்று அடி!

நிரம்பிய நிலையில் கரையோரத்து அளவுகோல் காட்டும் நீர்மட்டம் ஏறக்குறைய 23 அடி என்பது சரிதான். ஆனால் அது உயரம். டம்ளரின் உயரம். அண்மையில் நடந்த சீரமைப்புப் பணிகளுக்கு முன்பு நெடுங்காலமாகக் குறிக்கப்பட்டு வந்த கொள்ளளவு 694 மில்லியன் கன அடி. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். பெருக்கிப் பார்த்தால் 1,965 கோடி லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். 15 லிட்டர் குடத்தில் மொண்டால் சுமார் 131 கோடிக் குடம். இப்போதுதான் ஏரி கண்ணுக்குத் தெரிகிறது, இல்லையா?

இன்னும் ஒரு படி போவோம். ஏரியின் நீர்ப்பரப்பு 2,000 ஏக்கருக்கு மேல். அந்த ‘மேல்’ என்பதை விட்டுவிட்டு 2,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. 2,000 ஏக்கர் 8 கோடியே 71 லட்சத்து 20 ஆயிரம் சதுர அடி. 69 கோடியே 40 லட்சம் கன அடியை இதனால் வகுத்தால் சராசரி ஆழம் கிடைக்கும். எவ்வளவு? 8 அடிகூட முழுதாக இல்லை! பரப்பு கூடக் கூட இது இன்னும் குறையும். 23 அடி என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஏரி, முழுதும் நிரம்பி நிற்கும்போதுகூட, சராசரியாக 8 அடிக்கு உட்பட்ட ஆழந்தான். கரையோரத்தில் மட்டுமே அது ஆழம். மேற்கொண்டு போகப் போகத் தரை உயர்ந்து, கடைசியில் வெறும் சேறாகிவிடுகிறது. நம் ஏரிகள் எல்லாமே பெரும்பாலும் இந்த ஜாதிதான். மலையிடுக்கை அடைத்த அணைகள் அல்ல அவை. சாய்ந்த தட்டில் தேங்கிய நீர்.

மழைக்காலத்தில் டீக்கடையில் ஒருவர், “பதினொன்றரை அடி வந்துட்டுது, பாதி ஏரி ரொம்பிடுச்சு” என்கிறார். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். பாதி ஏரி உண்மையில் நிரம்பிவிட்டதா?

வீட்டிலேயே பார்த்துவிடலாம். நீள்சதுரமான ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து, ஒரு முனைக்குக் கீழே புத்தகத்தை வைத்துச் சாய்த்து நிறுத்துங்கள். பள்ளமான முனை ஏரிக்கரை. தண்ணீர் மேட்டுப்பக்கத்து அடி விளிம்பைத் தொடும் வரை டம்ளர் டம்ளராக எண்ணி ஊற்றுங்கள். இது நிரம்பிய ஏரி. பள்ளமான முனையில் ஓர் அளவுகோலை நேராக நிறுத்தி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அதில் பாதி ஆழம் வரும் வரை மறுபடி ஊற்றுங்கள். முன்பு 8 டம்ளர் பிடித்திருந்தால் இப்போது 2 டம்ளரே பிடிக்கும். மட்டம் பாதியாகும்போது தண்ணீர் பரவியிருக்கும் நீளமும் பாதியாகிவிடுகிறது. பாதியில் பாதி, கால். இதற்கு அல்ஜீப்ரா வேண்டாம். இது மூன்றாம் வகுப்புப் பின்னம்.

ஆக, ஏரி இந்த டின்னைப் போலவே இருந்தால், பதினொன்றரை அடியில் இருப்பது 347 மில்லியன் கன அடி அல்ல. சுமார் 173 தான். மதுராந்தகம் ஏரியின் சராசரி ஆழம் டின்னுக்குரியதைவிடவும் குறைவாக இருப்பதால், கால் பங்குக்கும் குறைவாகவே இருக்கலாம். பொறியாளர்கள் இதில் ஏமாறுவதில்லை. இந்த மட்டத்துக்கு இவ்வளவு கன அடி என்று அட்டவணை போட்டு வைத்துக்கொள்கிறார்கள். ஏமாறுபவர் பாதி ஏரியை நம்பி நாற்று விடுகிற விவசாயி. நெல்லுக்குக் கதிர் வரும் நேரத்தில் மதகில் தண்ணீர் இராது. உயரமான டம்ளரைக் காட்டிய அந்த ஐந்து வயதுக் குழந்தைக்கும் நமக்கும் அப்போது என்ன வித்தியாசம்?

இதே செங்கல்பட்டுச் சீமையில் அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிகள் எப்படி இருந்தன? 1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். செங்கல்பட்டிலிருந்தும் அறிக்கை போயிற்று. அப்பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எண்சுவடி கற்றார்கள். அதில் முழு எண் வாய்பாட்டோடு பின்ன வாய்பாடும் உண்டு. அரைக்கால், வீசம், மா, காணி என்று இறங்கி, ஒன்றில் 320-ல் ஒரு பங்கான முந்திரி வரை போகும். நெல்லளவும் தனியே உண்டு: 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி.

அந்தப் பள்ளிகளைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரம்பும் உருப்போடுதலுந்தான் அங்கே முறை. பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. பல சாதியாருக்கு வாசற்படியே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காலையில் உருப்போட்ட உழக்கும் நாழியும் மாலையில் வீட்டுக்குப் போனால் கையில் கிடைத்தன. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் முறை வந்தது. நல்ல மாற்றம், விஞ்ஞானம் படிக்கிற எவரும் அதை வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். ஆயினும் அன்று படி இருந்த இடத்துக்கு லிட்டர்ச் செம்பு வந்து சேரவில்லை. பால் பாக்கெட்டில் வருகிறது, எண்ணெயும் பாக்கெட்டில், அரிசி மூட்டையில். அளப்பது என்ற வேலையே குழந்தையின் கையை விட்டுப் போய்விட்டது. அதைத் திருப்பித் தர இப்போது பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு இடமில்லை.

தமிழ்நாட்டில் முயற்சி இல்லாமலில்லை. ரிஷி வாலி கிராமப் பள்ளிகளின் முறையைத் தழுவி, செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுவதும் பரவியது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததற்கு ஈடாக, 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் அட்டையும் காகிதந்தான், பயிற்சி நூலும் காகிதந்தான். தண்ணீர் எங்கே? வகுப்பறை நனைந்துவிடும், சத்தம் கூடும், பாடம் பின்தங்கும் என்று ஆசிரியர்கள் சொல்லலாம். முப்பது பிள்ளைகளை வைத்துச் சமாளிப்பவரின் சிரமத்தை நான் மறுக்கவில்லை. மரத்தடியில் செய்யலாமே! ஒரு லிட்டர், அரை லிட்டர், கால் லிட்டர்ச் செம்புகள், ஒரு அளவு நாடா, ஒரு தராசு. இவற்றைக் கையாள மூன்றாம் வகுப்புக்கு ஒரு மாதம் முழுதாகக் கொடுக்க வேண்டும் என்பேன். அதற்காகப் பதினாறாம் வாய்பாட்டை ஓர் ஆண்டு தள்ளிப்போட்டாலும் குடி முழுகிவிடாது.

அதுவரை நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ மூன்றாம் வகுப்பில் ஒரு தம்பியோ தங்கையோ இருப்பார்கள். அந்த பிஸ்கட் டின்னை அவர்கள் கையில் கொடுங்கள். பாதி உயரத்தில் எத்தனை டம்ளர் இருக்கும் என்பதை ஊற்றுமுன் அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்களாக விடையைச் சொல்லிவிடாதீர்கள். பிறகு பெரியவர் ஒருவரோடு உங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போங்கள். நீரில் இறங்க வேண்டாம். மதகருகே அளவுகோல் காட்டும் அடியையும், நீரின் மறு விளிம்பு எந்த மரம் வரை எட்டியிருக்கிறது என்பதையும் நோட்டில் குறித்து வாருங்கள். மாதம் ஒரு முறை, ஐப்பசியிலிருந்து பங்குனி வரை. மட்டம் ஓர் அடி இறங்கும்போது விளிம்பு எவ்வளவு தூரம் பின்வாங்குகிறது என்று பாருங்கள்.