மதுரை வெயிலுக்கு கார் ஹீட்டர் எதுக்கு? ஹோஸை ‘பைபாஸ்’ பண்ணும் முன் யோசிங்க!

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டைப் பிடித்தால் பரவை, சமயநல்லூர், வாடிப்பட்டி. அப்புறம் நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாக கொடைக்கானல் மலைப்பாதை. நாலு நாள் லீவு கிடைத்தால், செகண்ட் ஹேண்டில் வாங்கிய மாருதி 800ஐயோ இண்டிகாவையோ எடுத்துக்கொண்டு மதுரைக்காரர்கள் கிளம்புகிற ரூட் இது.

கிளம்புவதற்கு முந்தின நாள் வண்டிக்கு அடியில் பச்சையாக நாலு சொட்டு. பானெட்டைத் திறந்து பார்த்த மெக்கானிக், “ஹீட்டர் ஹோஸ் போயிருச்சு சார். நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு? பைபாஸ் பண்ணி விட்டுர்றேன்” என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அது பாதி நியாயம்.

‘ஹீட்டரைப் போட்டதே இல்லை, அது எப்படி லீக் ஆகும்?’ என்று பலருக்கும் சந்தேகம் வரும். காரில் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. என்ஜினைக் குளிர்விக்கும் அதே கூலண்ட்தான் இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. நீங்கள் ஹீட்டரைப் போடாவிட்டாலும் அந்த ஹோஸ் சூட்டிலும் அழுத்தத்திலும்தான் இருக்கும். 15 வருஷம் என்ஜின் சூட்டில் வெந்த ரப்பர் வெளியே பளபளப்பாகத் தெரியும், உள்ளே வெடித்திருக்கும்.

பைபாஸ் என்றால், ஹீட்டருக்குப் போகும் வழியையும் வரும் வழியையும் ஒரே ஹோஸால் இணைத்துவிடுவது. அவசரத்துக்கு இது தப்பே இல்லை. நடுரோட்டில் நின்றவர்களை வீடு கொண்டு சேர்த்திருக்கிறது. இரண்டு வாயையும் கட்டையோ போல்ட்டோ வைத்து அடைப்பதுதான் மோசம். சில என்ஜின்களில் ஹீட்டர் வழியாகப் போகும் ஓட்டமும் கூலிங் அமைப்பில் ஒரு பங்கு. ஆனால் தற்காலிகமாகச் செய்த பைபாஸ் அப்படியே நிரந்தரமாகி, அடுத்து வாங்குபவருக்குச் சொல்லாமலே வண்டி கை மாறிவிடுகிறது.

அதன் விலை மலை ஏறும்போதுதான் தெரியும். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கும் மேலே. அங்கே மழையும் மூடுபனியுமாக இருக்கும்போது உள்ளே நாலு பேர் விடும் மூச்சில் முன்கண்ணாடி பூத்துவிடும். ஏசி இல்லாத பழைய வண்டியில் அந்தப் பனியை விரட்ட ஹீட்டர் காற்றை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. ஹேர்பின் வளைவில் ஒரு கையால் ஸ்டியரிங்கும் மறுகையில் துண்டுமாக ஓட்டுவதெல்லாம் சாகசம் இல்லை.

இன்னொன்று, ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து, ஹீட்டரை முழு வேகத்தில் போட்டால் கொஞ்சம் சூடு கேபினுக்குள் இறங்கும். ஓரம் கட்டும்வரை என்ஜின் தாங்க அது போதும். பைபாஸ் பண்ணிய காரில் இந்த வசதி இல்லை.

சரி, லீக்கை அப்படியே விட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டினால்? இதுதான் மிகப் பெரிய தப்பு. மூடிய அமைப்பில் அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் நிற்கிறது. சுமார் 0.9 பார் அழுத்தத்துக்கான ரேடியேட்டர் மூடி போட்டால் கொதிநிலை 118 டிகிரி வரை போகும். ஹோஸில் ஓட்டை இருந்தால் அந்த அழுத்தம் நிற்காது. கொடைக்கானல் உயரத்தில் வெறும் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலண்ட் மொத்தமும் போய்விட்டால் சென்சார் காற்றில் தொங்கி, முள் இறங்கிக்கூடக் காட்டும். ‘அப்பாடா’ என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கட் காலி.

ஊற்றும் தண்ணீரும் போர் தண்ணீராக இருந்தால் கேட்கவே வேண்டாம். காய்ச்சுகிற பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற உப்பு ரேடியேட்டருக்குள்ளும் படியும்.

முதலில், சொட்டுவது என்ன என்று பாருங்கள். ஏசி தண்ணீர் நிறமில்லாமல், வாசனை இல்லாமல், சாதாரணத் தண்ணீர் மாதிரி இருக்கும். கூலண்ட் விரலில் வழவழக்கும், இனிப்பு வாடை அடிக்கும். முன்சீட்டுக்குக் கீழே கார்பெட் நனைந்திருந்தால் கோளாறு ஹோஸில் இல்லை, டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டரில். அது பெரிய வேலை. அந்தச் செலவு கைமீறினால் மட்டும் பைபாஸைப் பற்றிப் பேசலாம்.

ஹோஸ்தான் என்றால் எம்-சீல் அப்புவதும் டியூப் ரப்பரைச் சுற்றுவதும் வேண்டாம். என்ஜின் முழுசாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். பழைய ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்கக் கூடாது, உள்ளே இருக்கும் மெல்லிய குழாய் வளைந்துவிடும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுக்க வேண்டும். ஒன்று போயிருந்தால் இரண்டையும் மாற்றுவதே புத்திசாலித்தனம், ரெண்டுக்கும் ஒரே வயசுதான். கூலண்டுக்கென்றே வரும் ஹோஸை உள் அளவு பார்த்து வாங்க வேண்டும். பெட்ரோல் ஹோஸோ தோட்டத்து பைப்போ ஆகாது. துருப்பிடித்த கிளிப்பையும் மாற்றிவிட வேண்டும். அதை வெறித்தனமாக முறுக்கினால் புது ரப்பரையே அறுத்துவிடும்.

நிரப்பும்போது மேனுவலில் சொன்ன கூலண்ட், டிஸ்டில்டு வாட்டர். நிறத்தை வைத்துக் கூலண்டை முடிவு செய்யக் கூடாது, ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு சாயம் போடும். ஹீட்டர் குமிழை ‘ஹாட்’டில் வைத்து மெதுவாக ஊற்றினால்தான் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்.

2022 ஏப்ரலிலிருந்து 15 வயசைத் தாண்டிய காருக்கு ஆர்சி புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அதைக் கட்டி வண்டியை வைத்துக்கொள்பவர்கள், இரண்டு ரப்பர் குழாயில் மிச்சம் பிடிப்பது விநோதமான சிக்கனம்.

வடித்த பழைய கூலண்டைச் சாக்கடையில் ஊற்றாமல், கேனில் மூடி ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுத்துவிடுங்கள். அது விஷம். இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கிவிடும். அப்புறம் ஒரு ராத்திரி நிறுத்தி, காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அளவைப் பார்த்துவிட்டு வத்தலக்குண்டு பக்கம் வண்டியைத் திருப்பலாம்.